கிட்டார் வாங்கப் போறியா தங்கச்சி? மூணு ஏடிஎம் கார்டை எடுத்துக்கிட்டுப் போ

"யமஹாவா, ஃபெண்டரா, இல்ல கிவ்சனே போதுமாக்கா?" கிட்டார் ஆசை வந்த யாரும் முதல்ல கேக்குறது இதைத்தான். சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நீ முடிவு பண்ண வேண்டியது கம்பி. ஸ்டீல் கம்பியா, நைலான் கம்பியா?

சினிமாப் பாட்டை ஸ்ட்ரம் பண்ணிக்கிட்டே பாடணும், சர்ச் கொயர்ல வாசிக்கணும்னா ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் வாங்கு. கிளாசிக்கல் கிட்டார்ல கிரேடு எக்ஸாம் எழுதற எண்ணம் இருந்தா நைலான்தான், வேற பேச்சே இல்ல. நைலான் விரலைக் கடிக்காது, ஆனா அந்த கிட்டாரோட கழுத்து அகலம். தலைப்பக்கம் சுமார் 52 மில்லிமீட்டர் இருக்கும்; ஸ்டீல் கிட்டார்ல சுமார் 43 தான். சின்னக் கைக்கு அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். க்ளாஸுக்குப் போறதா இருந்தா மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. இன்னொண்ணு, சத்தம் பெருசா வரணும்னு நைலான் கிட்டார்ல ஸ்டீல் கம்பியை மட்டும் மாட்டிடாதே. அந்த இழுப்பைத் தாங்கற மாதிரி அதைச் செய்யல. கம்பியைப் பிடிச்சிருக்குற பிரிட்ஜ் பேர்ந்துக்கிட்டு வரும்.

சரி, பிராண்டுக்கு வருவோம். பேர் பெத்த கம்பெனிக்கு நாம குடுக்குற காசு சத்தத்துக்குன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. ஆரம்ப விலையில அது பாதிதான் உண்மை. ஒரே மாடல்ல பத்து கிட்டார் எடுத்தா பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்ங்கிற நம்பிக்கைக்குத்தான் அந்தக் காசு. கழுத்துக்குக் குறுக்கே இருக்குற ஃப்ரெட் எல்லாம் சரியான இடத்துல இருக்கும், கழுத்து நேரா இருக்கும், சாவி திருகினா திருகின இடத்துல நிக்கும். புதுசா கத்துக்குறவளுக்கு நல்லது கெட்டது பிரிச்சுப் பாக்கத் தெரியாதுல்ல? அதனாலதான் வாத்தியாருங்க பலரும் கண்ணை மூடிக்கிட்டு யமஹா F280 இல்லன்னா F310-னு சொல்லிடறாங்க. நைலான்ல C40. என் ஓட்டும் அதுக்குத்தான். சென்னைக்குப் பக்கத்துலயே யமஹாவோட ஃபேக்டரி இருக்கு, கிட்டாரும் அங்க செய்றாங்க. நாளைக்கு ஆசை விட்டுப்போச்சுன்னாலும் பாதி விலைக்காவது கேட்டு வாங்க ஆள் வரும்.

ஃபெண்டர், கிப்சன் எல்லாம் அமெரிக்காவுல பெரிய பேருங்க. ஃபெண்டர் 1946-லயே கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்சது. ஆனா நம்ம பட்ஜெட்டுக்கு வர்ற ஃபெண்டர், மேடையில பெரிய ஆளுங்க தோள்ல தொங்குற ஃபெண்டர் இல்ல. விலை குறைஞ்ச கிட்டாருக்குன்னே ஃபெண்டர் ஸ்கொயர்னு ஒரு பேர் வெச்சிருக்கு. கிப்சன்கிட்ட எபிஃபோன் இருக்கு. மட்டம்னு சொல்ல வரல, நல்லாவே இருக்கும். தலையில இருக்குற எழுத்துக்காக ரெண்டு மூணாயிரம் கூடக் குடுக்காதேன்னுதான் சொல்றேன். கோர்ட்னு ஒரு கொரியா கம்பெனி, பேரை அவ்வளவா யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. வேற பெரிய பிராண்டுகளுக்கே கிட்டார் செஞ்சு குடுத்தவங்க அவங்க. கடையில கண்ணுல பட்டா எடுத்து வாசிச்சுப் பாரு.

கிவ்சன், ஹாப்னர் எல்லாம் கொல்கத்தா சரக்கு. எழுத்தைச் சரியாப் படி, கிவ்சன் வேற, கிப்சன் வேற. நாலஞ்சாயிரம்தான் முடியும்னா இதுலயும் தேடலாம், தப்பே இல்ல. ஆனா இந்த விலையில எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஒண்ணு அமையும், பக்கத்துல இருக்குறது அமையாது. வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போய் எடு, ஆன்லைன்ல போடாதே.

யாரும் வரலன்னா? அதுக்குத்தான் கார்டு. கடையில கிட்டாரை மடியில வெச்சுக்கோ. ஸ்டீல் கிட்டார்னா, கழுத்தோட ஓரத்துல ரெட்டைப் புள்ளி இருக்குற இடம் பன்னிரண்டாவது ஃப்ரெட். அங்க இருக்குற உலோகக் கம்பிக்கட்டைக்கும் மேல ஓடுற தடிச்ச ஆறாவது கம்பிக்கும் நடுவுல மூணு ஏடிஎம் கார்டை அடுக்கி நுழைச்சுப் பாரு. எண்ணு புடைச்சிருக்காத, தட்டையான கார்டா இருக்கணும். ஒரு கார்டு முக்கால் மில்லிமீட்டர் சொச்சம், மூணு சேர்ந்தா ரெண்டேகாலை ஒட்டி வரும். மூணும் கம்பியை லேசா உரசிக்கிட்டு நுழைஞ்சா நல்ல உயரம். ஸ்டீல் கிட்டார்ல நாலாவதும் தாராளமா நுழையுதா? கம்பி ரொம்ப மேல இருக்கு. இதைத்தான் "ஆக்‌ஷன்"னு சொல்றாங்க. எஃப் கார்டு (chord) பிடிக்கும்போது விரல் செத்துப்போய், "எனக்கு இது வராதுப்பா"ன்னு கிட்டாரைப் பரண்ல ஏத்துற பொண்ணுங்கள்ல நிறைய பேருக்கு வில்லன் விரல் இல்ல, இந்த உயரம்தான்.

உயரமா இருந்தா உடனே வேண்டாம்னு வெச்சுடாதே. "செட்டப் பண்ணிக் குடுப்பீங்களா அண்ணா?"ன்னு கேளு. பிரிட்ஜ் மேல இருக்குற வெள்ளைப் பட்டையோட அடியைத் தேய்ச்சா கம்பி இறங்கும். கழுத்து வளைஞ்சிருந்தா உள்ள இருக்குற ட்ரஸ் ராடைத் திருகிச் சரி பண்ணுவாங்க. ஸ்டீல் கிட்டார்ல ராடே இல்லன்னா அதைத் தொடாதே. இதைச் செஞ்சு குடுக்குற கடையில நூறு இருநூறு கூட ஆனாலும் அங்கயே வாங்கு. சென்னையில இருந்தா அண்ணா சாலை மியூசி மியூசிக்கலுக்கு ஒரு நடை போயிட்டு வா. 1842-ல ஆரம்பிச்ச கடை அது. வாங்கலன்னாலும் நாலு கிட்டாரைக் கையில பிடிச்சுப் பாத்தா உனக்கே ஒரு கணக்கு வந்துடும்.

உயரம் பாத்தாச்சா? இனி ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்ல அழுத்தி மீட்டு. எங்கயாவது "ஜ்ர்ர்"னு அதிர்ந்தா கடைக்காரர்கிட்ட காட்டு. கழுத்தோட ரெண்டு ஓரத்துலயும் உள்ளங்கையை மெதுவா ஓட்டு. ஃப்ரெட் முனை கையைக் கீறக் கூடாது. பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு துண்டுச் சீட்டைச் சொருகிப் பாரு, உள்ள போச்சுன்னா ஒட்டு விட்டிருக்கு. அப்புறம் போன்ல டியூனர் ஆப்பைப் போட்டு, ஒரு கம்பியைச் சும்மா மீட்டு, அதையே பன்னிரண்டாவது ஃப்ரெட்ல அழுத்தி மீட்டு. ரெண்டும் ஒரே சுரம்தான், ரெண்டாவது ஒரு ஸ்தாயி மேல. முள் நடுவை விட்டு நல்லா விலகினா எந்த பிராண்டா இருந்தாலும் கீழ வெச்சுடு. மேல போகப் போக அந்த கிட்டார் அபஸ்வரமாத்தான் பேசும்.

சாலிட் டாப், லேமினேட்னு கடையில ரெண்டு வார்த்தை காதுல விழும். முழுப்பலகை மேல்பாகம் சத்தத்துல இனிமைதான், விலையும் அதிகம். முதல் கிட்டாருக்கு ஒட்டுப்பலகை போட்ட லேமினேட் போதும். கடற்கரை ஊர்ல ஈரப்பதத்துக்கு அதுதான் கூடத் தாங்கும். பிக்கப் வெச்ச செமி அக்கூஸ்டிக் இப்போ வேண்டாம், மேடை ஏறும்போது பாத்துக்கலாம். பை, பெல்ட், கேப்போ, பிக், கூடுதல் கம்பின்னு எல்லாம் சேத்து ஆன்லைன்ல வர்ற காம்போவைப் பாத்து மயங்காதே. அந்த உருப்படிகளை எல்லாம் தனியாக் கழிச்சுப் பாத்தா, கிட்டாருக்குன்னு மிஞ்சுற விலை உனக்கே தெரியும்.

உடம்பு சின்னதா இருந்தா, பத்து வயசுக் குழந்தைக்குன்னா முக்கால் சைஸ் கேளு. பெரியவங்களுக்கு 41 இஞ்சுதான் சரின்னு சட்டம் எதுவும் இல்ல. வலது கை மேல்பலகையைத் தாண்டும்போது தோள் தூக்கிக்கிச்சுன்னா 38, 39 இஞ்ச் எடு.

ஸ்டீல் கம்பி விரலை ரொம்ப அறுத்தா 10-ல ஆரம்பிக்கிற எக்ஸ்ட்ரா லைட் செட் மாட்டச் சொல்லு; வழக்கமா வர்றது 12. புதுக் கம்பி முதல் சில நாள் இழுபட்டுக்கிட்டே இருக்கும், காலையில டியூன் பண்ணினது சாயங்காலம் இறங்கியிருக்கும். அதுக்காகக் கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதே. பில்லை மட்டும் பத்திரமா வை.