ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்

வீட்டில் யாருக்காவது சூடு பட்டாலும், நாய் கடித்தாலும், குழந்தைக்கு வயிற்றால் போனாலும் முதலில் ஓடிவருவது பெரும்பாலும் அம்மாதான். அவர் கடைக்குப் போயிருக்கும்போதும் விபத்து நடக்கலாம், அவருக்கே நடக்கலாம். அதனால் இவற்றைப் பெண்களுக்கான குறிப்புகள் என்று ஒதுக்காமல், கணவர், மாமனார், மாமியார், பத்தாவது படிக்கும் பிள்ளை எல்லோரும் ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. கொதிக்கிற சாம்பாரோ எண்ணெயோ மேலே கொட்டிவிட்டால் முதல் வேலை குழாயைத் திறப்பது. சூடு பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடுகிறோம். மேல்தோல் ஆறிய பிறகும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால் முழு 20 நிமிடமும் வேண்டும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்திலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுங்கள். உடனே முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் கட்டி வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும். பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், பேனா மை, வெண்ணெய் எதையும் பூசாதீர்கள். காயத்தின் ஆழத்தைப் பார்க்க டாக்டர் அதை வழித்து எடுக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே வெந்த தோலில் அந்த வேதனையும் எதற்கு?

2. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே வளையல், மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். தோலோடு ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர மூடுங்கள். முகம், கை, மூட்டு, மறைவிடம் ஆகிய இடங்களில் பட்ட சூடும், குழந்தைக்குப் பட்ட சூடும் சிறிதாக இருந்தாலும் டாக்டர் பார்க்க வேண்டும்.

3. புடவையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் காற்றுப் பட்டுத் தீ மேலேறும். அங்கேயே தரையில் படுத்து உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையோ ஜமக்காளமோ போட்டு அழுத்தி அணைக்கலாம். நைலான், பாலியெஸ்டர் நைட்டியோடு அடுப்படியில் நிற்பதைத் தவிருங்கள். அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

4. வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, பெரிய தட்டால் மூடி, ஆறும்வரை அப்படியே விடுங்கள்.

5. கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வாடையை வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது பலருக்கும் வரும் பழக்கம். அந்த ஒரு பொறி போதும் வெடிப்பதற்கு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே ஜன்னலோடு வாசல் கதவையும் திறந்து வைத்தால்தான் வெளியேறும். ரெகுலேட்டரை மூடிவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். செல்போனை வெளியே வந்த பிறகு எடுத்து 1906க்குப் பேசுங்கள். அது கேஸ் கசிவுக்கான அவசர எண்.

ரெகுலேட்டரை மூடத் தெரியாத ஆள் வீட்டில் ஒருவர்கூட இருக்கக் கூடாது. இன்றைக்கே எல்லோரையும் ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

6. சிலிண்டர் வந்ததும், கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்பக்கம் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். அடுத்த சோதனைக்கான கெடு அது. ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். ‘சி 28’ என்றால் 2028 செப்டம்பர் வரை. கெடு தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். ஆரஞ்சு நிற கேஸ் டியூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

7. குளிர்பான பாட்டிலில் மண்ணெண்ணெய், ஆசிட், பினாயில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை எரிக்கும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துக் கழிப்பறை கழுவுவதும் ஆபத்து, நச்சுப்புகை கிளம்பும்.

8. நாய் கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்காதீர்கள். தடுப்பூசியை அன்றைக்கே தொடங்கி, சொன்ன நாட்களில் எல்லாம் போட்டு முடியுங்கள். ரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை, கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த ஊசியைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது.

9. பைக்கில் ஏறும் முன் முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகுங்கள். அழகுக்காக சாரி கார்டைக் கழற்ற விடாதீர்கள்.

10. குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கரைத்தால் அளவு கெட்டுவிடும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரம் கழித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

11. கடைசியாக, அம்மாக்களே, இது உங்களுக்கு. மாரடைப்பு பெண்களுக்கு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் வலியாக வருவதில்லை. தாடை, முதுகு, தோள்பட்டையில் இழுப்பு, குமட்டல், குளிர்ந்த வியர்வை, நாலு படி ஏறினாலே மூச்சுவாங்கல், காரணமில்லாத அசதி என்றும் வரும். வாயுத்தொல்லை என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டு, பிள்ளைக்கு டிபன் கட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 108ஐ அழையுங்கள், அடுப்பை அணையுங்கள். வீட்டில் தனியாக இருந்தால், வருபவர்கள் உள்ளே நுழைய வாசல் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள்.