காறை எலும்பு முறிந்தால்: சிறு கீறல் சிகிச்சை யாருக்குப் பொருந்தும்?

பைக்கிலிருந்து தோள் அடிபட விழுபவர்களுக்கு அடிக்கடி முறிவது காறை எலும்பு. நெஞ்செலும்பிலிருந்து தோள்வரை குறுக்காக ஓடும் இதை விரலால் தடவினாலே உணரலாம். ஐந்தில் நான்கு முறிவுகள் இதன் நடுப்பகுதியில்தான் ஏற்படுகின்றன.

முனைகள் அதிகம் விலகாமல் இருந்தால் அறுவை சிகிச்சையே தேவையில்லை. கையை ஸ்லிங்கில் தொங்கவிட்டால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் கூடிவிடும். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். கூடிய இடத்தில் சிறு புடைப்பு நிற்கலாம், பயப்பட வேண்டாம். எண்ணெய் போட்டு உருவிவிடுவதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். எலும்புக்கு நேர் அடியில் கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இருக்கின்றன.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ, கை குளிர்ந்து மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முனைகள் முழுதும் விலகி, எலும்பு 2 செ.மீ. அளவுக்குக் குறுகியிருந்தாலும் மருத்துவர் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார். 2007இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், முழுதும் விலகிய முறிவுக்கு ஸ்லிங் மட்டும் போட்ட 49 பேரில் 7 பேருக்கு எலும்பு கூடவில்லை. பிளேட் வைத்த 62 பேரில் இருவருக்கே அப்படி ஆனது.

வழக்கமாகப் பிளேட் வைக்கத் தோலை நீளமாகத் திறக்க வேண்டும். அதன் கீழே நெஞ்சில் சிலருக்கு மரத்த உணர்வு தங்கும். இதற்கு மாற்றுதான் டைட்டானியம் கம்பி. நெஞ்செலும்பருகே ஓரிரு செ.மீ. கீறி, 2 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள வளையும் கம்பியை, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே எலும்பின் உள்ளே செலுத்துவார்கள். முனைகள் நேராகப் பொருந்தாவிட்டால் முறிந்த இடத்திலும் ஒரு சிறு கீறல் தேவைப்படும்.

"தழும்பு தெரியக் கூடாது டாக்டர்" என்று, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்காக, நாம் கேட்பது இயல்பு. ஆனால் எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்தால் கம்பியால் அதன் நீளத்தைத் தாங்க முடியாது. அங்கே பிளேட்தான் பொருத்தம். ஆகவே தழும்பைப் பற்றிக் கேட்குமுன், "எந்த வகை முறிவு?" என்று கேளுங்கள். கம்பியின் முனை தோலை உறுத்தலாம். எலும்பு கூடியபின் அதை எடுக்கப் பொதுவாக இன்னொரு சிறு அறுவை சிகிச்சை உண்டு. அதன் செலவையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

விரல்களையும் மணிக்கட்டையும் முதலிலிருந்தே அசைக்கலாம். புகைப்பழக்கம் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். எடை தூக்குவதும், சஜ்தாவில் அந்தக் கையை ஊன்றுவதும் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து அனுமதித்த பிறகே. அதுவரை உட்கார்ந்து தொழலாம்.