ஆப்பிள் கன்று வாங்கும் முன்: திருத்தணிக்கு ஏற்ற பழமர இரகங்கள்

சமவெளியிலும் காய்க்கும் என்று சொல்லி ஆப்பிள் கன்றுகள் இப்போது பல ஊர்களில் விற்கப்படுகின்றன. திருத்தணி, பள்ளிப்பட்டு பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பழத்தோட்டம் போட எண்ணும் விவசாயிக்கு இவற்றின் மீது ஆசை எழுவது இயல்பே. ஆனால் நெல்லில் இரகம் தவறினால் நட்டம் ஒரு போகத்தோடு தீரும். பழமரத்தில் இரகம் தவறியது தெரிவதற்கே நான்கைந்து ஆண்டுகள் ஆகிவிடும். அதற்குள் நிலமும் தண்ணீரும் கைப்பணமும் போய்விடும்.

ஆப்பிள், பேரி, பிளம் ஆகியவை குளிர்ப் பிரதேச மரங்கள். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். உறங்கும் மொட்டு மறுபடி விழிப்பதற்குக் குறிப்பிட்ட அளவு குளிர் பட்டிருக்க வேண்டும். இமாசலப் பிரதேசம், காஷ்மீரத்துப் பழைய ஆப்பிள் இரகங்களுக்கு 7 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த குளிர் ஏறத்தாழ 1,000 மணி நேரம் தேவை. இஸ்ரேலில் உருவான 'அன்னா', பகாமாஸ் தீவுகளில் கிடைத்த 'டார்செட் கோல்டன்' ஆகியவை சில நூறு மணி நேரக் குளிரிலேயே பூக்கும். இமாசலத்தின் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா தெரிவு செய்த 'எச்.ஆர்.எம்.என்.99' என்ற இரகமும் குறைந்த குளிரே கேட்பது. ஆயினும் அது பிறந்த ஊரில் மெய்யான குளிர்காலம் உண்டு. திருத்தணியில் மார்கழி இரவிலும் 7 டிகிரி வருவதில்லை.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், மாலாங் மலைப்பகுதியில் வணிக முறையில் ஆப்பிள் விளைகிறதே என்று கேட்கலாம். அங்கே குளிருக்குப் பதிலாக மரத்தின் இலைகளைக் கையால் உருவி மொட்டை விழிக்கச் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளவை. திருத்தணியில் வீட்டின் பின்புறம் இரண்டு கன்று வைத்துப் பார்ப்பதில் குற்றமில்லை. ஏக்கர் கணக்கில் நடுவது வேண்டாம்.

காஷ்மீரத்துத் தோட்டக்காரர் உறைபனிக்கு அஞ்சி இரகம் தேடுகிறார். திருத்தணி விவசாயி அஞ்ச வேண்டியது சித்திரை, வைகாசி வெயிலுக்கு. கோடையில் தமிழ்நாட்டின் மிக அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். 40 டிகிரியைக் கடந்த நாட்களில் கிணறும் வற்றிவிடுகிறது. குளிரில் உறங்கும் மரங்கள் இருப்பதுபோல வெயிலில் உறங்கும் மரங்களும் உண்டு. மானாவாரி நிலத்துக்கு அவையே ஏற்றவை.

இலந்தை கடும் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு உறங்கும். மழை கண்டதும் துளிர்க்கும். சீத்தாவும் அப்படியே. செம்மண், சரளை நிலத்திலும் வளரும் சீத்தாவில் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.பி.கே.1 இரகத்தை நடலாம். நெல்லியில் உறங்குவது பிஞ்சு. வட இந்தியாவில் மாசி, பங்குனியில் பூக்கும் நெல்லியின் பிஞ்சு கோடை முழுவதும் வளராமல் அடங்கியிருந்து, மழைக்குப் பின்னரே பருக்கிறது. நெல்லியை ஒரே இரகமாக நடக்கூடாது. என்.ஏ.7 உடன் கிருஷ்ணா, காஞ்சன் போன்றவற்றைக் கலந்து நட்டால் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடக்கும். இலந்தைக்குப் பழ ஈ ஒரு தொல்லை. விற்பனையும் மாம்பழம்போல் சுலபமன்று. எனவே அதை வேலியோரத்திலும் மோசமான மூலையிலும் வைப்பதே புத்தி.

ஓரளவு பாசனம் உள்ளவர்களுக்கு மா தான் முதன்மை. மாமரத்துக்கும் சிறிது குளிர் தேவை என்பது பலருக்குத் தெரியாது. மார்கழி, தை மாதக் குளிர்ந்த இரவுகளே மாவைப் பூக்க வைக்கின்றன. தசேரி, லங்க்ரா போன்ற வடநாட்டு இரகங்கள் அங்குள்ள நல்ல குளிருக்குப் பழகியவை. இங்கே ஒழுங்காகப் பூப்பதில்லை, ஆண்டு விட்டு ஆண்டு காய்க்கும் குணமும் உண்டு. நமக்குப் பெங்களூரா, நீலம், பங்கனப்பள்ளி, ருமானி ஆகியவையே கைகொடுப்பவை. தசேரியின் சுவை வேண்டுமென்பவர்கள், நீலத்தையும் தசேரியையும் இணைத்து உருவாக்கிய மல்லிகாவைச் சில மரங்கள் வைக்கலாம். சிறிய தோட்டத்துக்கு நீலத்திலிருந்து தெரிவு செய்யப்பட்ட குட்டை இரகமான பையூர் 1 பொருத்தம்.

பெங்களூராவை மட்டும் நம்புவது இப்போது ஆபத்து. எல்லை தாண்டியுள்ள சித்தூர் மாவட்டப் பழக்கூழ் ஆலைகளே அதற்குப் பெரிய சந்தை. 2025 ஜூனில் வெளி மாநிலத்துப் பெங்களூரா வருவதற்கு அம்மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. அப்பருவத்தில் விலையும் வீழ்ந்தது. ஆகையால் தோட்டத்தில் பாதிக்கு மேல் பெங்களூரா வேண்டாம். முன்னதாக வரும் பங்கனப்பள்ளியும் கடைசியில் வரும் நீலமும் நேராகப் பழக் கடைக்குப் போகக்கூடியவை.

வறண்ட நிலத்தில், பையில் வளர்ந்த ஒட்டுக்கன்றைவிடத் தோட்டத்திலேயே ஒட்டுக்கட்டுவது மேல். பையில் ஆணிவேர் சுருண்டுவிடும். கொட்டையை நட்ட இடத்திலேயே வளரவிட்டால் வேர் நேராக ஆழத்துக்கு இறங்கிக் கோடையைத் தாங்கும். 1 மீட்டர் நீள, அகல, ஆழக் குழியில் மேல்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பி, ஆடியில் நாட்டு மாங்கொட்டை இரண்டு மூன்று ஊன்ற வேண்டும். கொட்டை புதியதாக இருக்கட்டும். பழம் தின்று ஒரு மாதம் சென்ற கொட்டை முளைப்பது அரிது. வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றைக் களைந்து, மறு ஆண்டு மழைக்காலத்தில் செந்நிறத் துளிர் வரும்போது அந்த இளந்தண்டில் ஆப்பு ஒட்டுக் கட்டலாம். தாய்க்குச்சியின் இலைகளைப் பத்து நாள் முன்பே காம்பு விட்டு நறுக்கிவிட்டால் மொட்டு பருத்து ஒட்டு நன்றாகப் பிடிக்கும். ஒட்டுக்குக் கீழே தளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ள வேண்டும்.

சாதாரண இரகங்களுக்கு 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரங்கள். பையூர் 1 ஆனால் 5 மீட்டர் போதும். முதல் இரண்டு கோடைகளில் கன்றின் மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி வைத்து, தண்டுக்குச் சுண்ணாம்பு பூசி, அடியில் கடலைத் தொலி பரப்ப வேண்டும். காய்ப்புக்கு வந்த மரங்களுக்குக் கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் பாய்ச்சக்கூடாது. பிஞ்சு பட்டாணி அளவு ஆன பிறகு பாசனத்தைத் தொடங்கலாம்.