வறட்சியைத் தாங்கும் மக்காச்சோளம்: ஏரிக்கரைக் கிராமங்களுக்கு ஒரு பாடம்

பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த கிராமங்களில் மீன்பிடித்தலே முதற் பிழைப்பு. எனினும், கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி மேட்டு நிலம் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. இவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே விதைக்கின்றனர். மழை இடையில் பொய்த்தால் பயிரும் போகும். அதன் மேல் வாங்கிய கடனும் நிற்கும். ஆதலின், “வறட்சியைத் தாங்கும் மக்காச்சோளம் வந்திருக்கிறதாமே, அதை நாமும் பயிரிடலாமா?” என்னும் கேள்வி எழுவது இயல்பே. விடை காணுமுன், அத்தகைய விதை எவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

பூக்கும் வேளையே ஆபத்தான வேளை

மக்காச்சோளம் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ நாட்டில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த பயிர். இதில் ஆண் பூங்கொத்து செடியின் உச்சியிலும், பெண் கதிர் செடியின் நடுவிலும் தோன்றும். கதிரின் நுனியில் பட்டு நூல் போன்ற இழைகள் வெளிவரும். ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது. இழையின் மேல் மகரந்தம் விழுந்தால்தான் அந்த மணி பிடிக்கும்.

நல்ல ஈரமுள்ள நிலத்தில் மகரந்தம் உதிரத் தொடங்கிய ஓரிரு நாளில் இழைகளும் வந்துவிடும். வறட்சியிலோ, மகரந்தம் ஏறக்குறைய உரிய காலத்திலேயே உதிர்ந்துவிடுகிறது. இழைகள் மட்டும் பின்தங்குகின்றன. பாவு விரித்துத் தறியில் ஏற்றிய பின்னும் ஊடை நூல் வந்து சேராவிடில் நெசவாளர் என்ன செய்ய இயலும்? அதே நிலைதான் செடிக்கும். தண்டும் இலையும் செழித்திருந்தும், கதிரை உரித்துப் பார்த்தால் மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்.

விஞ்ஞானிகள் கண்ட வழி

இந்த இடைவெளியையே அளவுகோலாகக் கொண்டனர் மெக்சிகோவிலுள்ள சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தார். 1966-இல் நிறுவப்பெற்ற அந்நிலையம், 1975-இல் தொடங்கி ‘டக்ஸ்பெனோ’ என்னும் இனத்தை மழையில்லாப் பருவத்தில் விதைத்து, பூக்கும் காலத்தை ஒட்டி வேண்டுமென்றே பாசனத்தை நிறுத்தியது. அந்நிலையிலும் இழைகள் தாமதிக்காமல் வந்து, மணி பிடித்த குடும்பங்களையே மறு சுற்றுக்குத் தேர்ந்தெடுத்தனர். இவ்வாறு எட்டுச் சுற்றுகள் நடைபெற்றன. வறட்சியில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிலோ மகசூல் கூடியது. செடி பெரிதாகவில்லை, செடியில் சேர்ந்த சத்து கதிருக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவே. பின்னர் ஆப்பிரிக்காவில் 13 நாடுகளில் இம்முறையில் உண்டான விதைகள் பரப்பப்பட்டன.

நம் நாட்டில் அகில இந்திய மக்காச்சோள அபிவிருத்தித் திட்டம் 1957-இல் தொடங்கியது. 1961-இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்னும் வீரிய ஒட்டு ரகங்களும், 1967-இல் விஜய், கிசான் முதலிய கூட்டு ரகங்களும் வெளிவந்தன. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டம் வாகரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

வறட்சி வேறு, உவர் வேறு

இனி நம் கரைக்கு வருவோம். ஏரியை ஒட்டிய நிலத்தில் ஈரம் இருந்தும் உப்பு மிகுதியால் வேர் நீரை உறிஞ்ச இயலாது. மேலுக்கு இது வறட்சி போலவே தோன்றும். ஆனால் வறட்சிக்கெனத் தேர்ந்த விதை உப்பையும் தாங்கும் என்று கருதுவது தவறு. மண்ணின் உவர்ப்பு 1.7 டெசிசீமன் அளவைக் கடந்தாலே மக்காச்சோளத்தின் மகசூல் குறையத் தொடங்கும், சோளமோ 6.8 அளவு வரை தாங்கும். எனவே உவர் நிலத்திற்கு மக்காச்சோளம் ஏற்றதன்று. மேட்டு நிலமாயினும் மண் பரிசோதனை செய்வித்த பின்னரே கடன் மனு எழுதுக. 2018-இல் நம் நாட்டிற்கு வந்த படைப்புழுவையும் மறத்தலாகாது. வறட்சியைத் தாங்கும் செடி புழுவையும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை.

விதை ஒருவரால் ஆவதன்று

வீரிய ஒட்டு விதையின் விளைச்சலிலிருந்து மீண்டும் விதை எடுத்தல் கூடாது. மறு தலைமுறையில் குணங்கள் பிரிந்து மகசூல் சரியும். ஆண்டுதோறும் நீல நிறச் சான்று அட்டை உள்ள விதையையே வாங்கி, அட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்துக. கூட்டு ரகமாயின் சில ஆண்டுகள் நாமே விதை எடுக்கலாம். ஆனால் மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் பறப்பது. அண்டை வயலில் வேறு ரகம் இருப்பின் விதை கலந்துவிடும். சான்று விதைக்கு 200 மீட்டர் இடைவெளி விதிக்கப்பட்டுள்ளது. துண்டு துண்டான நம் நிலங்களில் தனியொருவர் இவ்விடைவெளிக்கு எங்கே போவது?

இவ்விடத்தில் ஏரியே நமக்கு ஆசான். எக்குழுவினர் எந்நாளில் எவ்விடத்தில் வலை வீசுவது என்பதை முறை வைத்துப் பங்கிடும் ‘பாடு’ வழக்கம் இக்கரை மீனவரிடையே நெடுங்காலமாக உள்ளது. அம்முறைப்படியே, அடுத்தடுத்த வயல்காரர் கூடி ஒரு பருவத்திற்கு ஒரே ரகம் என்று தீர்மானித்தால் வேலி தேவையில்லை. வயலைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மகரந்தம் உதிர்ந்த ஓரிரு நாளில் இழை வந்த செடிகளுக்கு வண்ண நூல் கட்டுக. ஓரச் செடிகளை விலக்குக. அறுவடையில் நூல் கட்டியவற்றுள் நன்கு மணி பிடித்த கதிர்களை மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளிலிருந்து சேர்த்து விதையாக்குக. ஈரமான ஒரு மூலையின் செழிப்பு நம்மை ஏமாற்றாதிருக்கவே இக்கட்டங்கள்.

கூட்டத்தில் ஆராய வேண்டுவன

1. நம் உறுப்பினர் நிலங்களில் உவர் அற்றவை எவை? மண் பரிசோதனை நடந்ததா?
2. பூக்கும் காலத்தில் மழை தவறினால் ஒரு தண்ணீர் விட வசதி உண்டா?
3. 200 மீட்டர் சுற்றளவிலுள்ள வயல்காரர் அனைவரும் ஒரே ரகத்திற்கு உடன்படுவரா?

மூன்றிற்கும் தக்க விடை கிடைத்தால் ஒரு பகுதி நிலத்தில் தொடங்கலாம். முதற் கேள்விக்கே விடை சாதகமாக இல்லையேல், சோளமும் கேழ்வரகும் இருக்கவே இருக்கின்றன. பொருந்தாத பயிருக்குக் கடன் கொடாமையும் சங்கம் தன் உறுப்பினர்க்குச் செய்யும் உதவியே.