அம்மா வந்திருக்கிறார், எங்கே கூட்டிப்போவது?

ஜூலை பிறந்தால் சுவிஸில் தமிழ் வீடுகளில் இதே கதைதான். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், சில வீடுகளில் அப்பாவும் சேர்த்து. பொறுப்புக் கடிதம், காப்புறுதி, தூதரக அலைச்சல் எல்லாம் தாண்டி 90 நாள் விசாவில் ஆளைக் கொண்டுவந்தாயிற்று. அடுத்து எதைக் காட்டுவது? பிள்ளைகளுக்கு யோசனையே தேவைப்படுவதில்லை: யுங்ஃப்ராவ். மச்சான் வீட்டார் போன வருஷம் போனார்கள், படம் குடும்பக் குழு முழுக்கச் சுற்றியது. நாங்கள் போகாவிட்டால் கொழும்பிலிருக்கும் சித்தி என்ன நினைப்பார்?

யாரையும் கேட்காமலே எல்லோரும் போகும் இடங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ரைன் நீர்வீழ்ச்சி, லுசேர்ண் மரப்பாலம், பேர்ண் பழைய நகரம் மூன்றும் நல்லவை, மூன்றிலும் முதியவர்கள் அதிகம் ஏறி இறங்காமல் பார்க்கலாம். மலைப்பனி உருகும் ஜூன், ஜூலையில் ரைன் பொங்கி வரும். 23 மீட்டர் உயரம் பெரிதில்லை, ஆனால் 150 மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் இரைவதை அருகில் நின்று கேட்கவேண்டும். பேர்ணுக்குப் போனால் ஐரோப்பாச் சதுக்கத்திலுள்ள சமயங்களின் இல்லத்தையும் காட்டுங்கள். ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த மடம் ஆகியவற்றோடு எங்கள் சைவக் கோயிலும் இருப்பதை அம்மா ஊரில் போய்ச் சொல்வார்.

இனி யுங்ஃப்ராவ். அந்த ரயில் பாதையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1896இல் தொடங்கி 16 வருஷம் பாறையைக் குடைந்து, 1912இல் திறந்தார்கள். தொடங்கிய குயர்-செல்லர் அதைப் பார்க்காமலே கண்மூடினார். 3,454 மீட்டரில் ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம். கோளாறு பாதையில் இல்லை, ஏற்றப்படும் ஆளில்தான். கடல் மட்டத்தில் எழுபது வருஷம் மூச்சுவிட்டவரை, இன்டர்லாக்கனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 2,900 மீட்டர் தூக்கிவிடுகிறோம். மேலே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எங்கள் அம்மாக்களில் பாதிப் பேருக்குப் பிரஷர், மீதிப் பேருக்குச் சீனி வருத்தம். இருதய வருத்தம் உள்ளவரை டொக்டரிடம் கேட்காமல் கூட்டிப்போவது மடத்தனம்.

அந்த மலையடிவாரத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் சில காலம் வேலை செய்தவன் நான். மேலே போய்வந்த குடும்பங்களைப் பின்னேரங்களில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஃபோனில் படம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அம்மா மூலையில் சேலைக்கு மேல் மருமகனின் ஜாக்கெட், காலில் மகளின் சப்பாத்து, நெற்றியைக் கையால் அமுக்கியபடி. என்ன வேண்டும் என்று தமிழில் கேட்டால் முகம் மலரும். "கொஞ்சம் சுடுதண்ணி தாங்கோ தம்பி" என்பார்கள். மேலே என்ன கண்டீர்கள் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரே வெள்ளை". முகில் மூடிய நாளில் பனியும் வானமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளும் அலெட்ச் பனியாறு கண்ணுக்கு முன்னால் கிடந்தும் தெரியாது. இதற்கு ஆளுக்கு இருநூறு ஃபிராங்குக்கு மேல். ஹல்ப்டக்ஸ் அட்டை இருந்தால் பாதி, ஆனால் வந்திருக்கும் அம்மாவுக்கு ஒன்று எடுப்போம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

போயே தீரவேண்டுமென்றால் டிக்கெட்டை முன்கூட்டி வாங்காதீர்கள். காலையில் நேரலைக் கமராவைப் பாருங்கள், வெளித்தால் மட்டும் புறப்படுங்கள். மேலே இறங்கியதும் அம்மாவை ஓடவிடாதீர்கள். அங்குள்ள பனி மாளிகையில் நிலமே பனிக்கட்டி, கைப்பிடியை விடக்கூடாது. தலை சுற்றினால் படத்துக்காகக் காத்திராமல் அடுத்த ரயிலில் இறக்குங்கள்.

என் தெரிவு ரீகி மலை. லுசேர்ணில் கப்பல் ஏறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஏரியில் போய், ஃபிட்ஸ்நவ்வில் பற்சக்கர ரயில். 1871இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். 1,800 மீட்டருக்குள் முடிந்துவிடும், மூச்சு முட்டாது. ஏப்ரலில் வந்திருந்தால் தொட்டுப் பார்க்கப் பனியும் பெரும்பாலும் கிடக்கும்.

அதைவிடவும் நான் மேலாக வைப்பது பழைய கோட்ஹார்ட் ரயில் பாதை. 57 கிலோமீட்டர் அடிச்சுரங்கம் 2016இல் திறந்தபிறகு எல்லோரும் இருட்டுக்குள்ளால் தெற்கே போகிறார்கள். சூரிச்சிலிருந்து லொக்கார்னோவுக்கு மேல்வழியாக ஓடும் ட்ரேனோ கொட்டார்டோவில் ஏறுங்கள். வாசன் என்ற சிற்றூரில் ரயில் மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறும். அந்த ஊர்த் தேவாலயம் முதலில் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் தெரியும், பிறகு கண்ணுக்கு நேரே, மூன்றாம் தடவை காலுக்குக் கீழே. என் அம்மா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, மூன்றும் வேறு வேறு கோயில் என்று கடைசிவரை வாதாடினார். மறுபக்கம் இறங்கினால் வெயில், ஏரி, வீட்டு முற்றங்களில் வடலி உயரத்துக்கு விசிறி ஓலை மரங்கள். ஒரு படியும் ஏறாமல் நாடு முழுவதையும் குறுக்கே கடந்தாயிற்று. பிளாஸ்கில் தேத்தண்ணியும் டப்பாவில் புட்டும் இருந்தால் வேறென்ன வேண்டும்?

எங்கே போனாலும் ஆளைப் பார்த்து இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். வந்த முதல் கிழமை வீட்டிலேயே வைத்துக் கவனியுங்கள். கடையில் கத்தரிக்காய் விலையைக் கேட்டு ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்ப்பவருக்குச் சனிக்கிழமைச் சந்தையே திருவிழா. தோட்டம் செய்தவரை, வாடகைக்குத் தோட்டத் துண்டு வைத்திருக்கும் சினேகிதரிடம் கூட்டிப்போங்கள். படிப்பித்த அப்பாவுக்குப் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடத்தைக் காட்டுங்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தையும் காட்டுங்கள். பலர் இதைத்தான் ஒளிக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். அம்மா நின்று பார்த்தால் நீங்களும் நில்லுங்கள், அடுத்த ரயில் வரும்.

ரீகிக்கும் கோட்ஹார்ட்டுக்கும் கெமைண்டே என்ற ஊராட்சி அலுவலகத்தில் விற்கும் நாள் டிக்கெட் செல்லும், லுசேர்ண் கப்பலும் அதற்குள் அடக்கம். முந்தி எடுத்தால் மலிவு, எண்ணிக்கை அளவானது, விடுமுறை நாட்களில் சீக்கிரம் முடிந்துவிடும். டிக்கெட்டில் பெயர் போடுவார்கள், ஆகவே அம்மாவின் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள்.