பொதுச் சேமப் பெட்டியில் கோப்பு திறவாமை: காரணம் காணும் முறை

1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஏறக்குறைய 92 மைல் நீளக் கம்பி வழியாக மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அந்நாளில் சுரங்க வாயிலின் பாரந்தூக்கும் பொறி திடீரென நின்றதாகக் கொள்வோம். குற்றம் அருவியின் மின்னாலையில் இருக்கலாம். நெடுவழிக் கம்பியில் இருக்கலாம். தங்கவயலின் மாற்றி நிலையத்தில் இருக்கலாம். அப்பொறியிலேயே இருத்தலும் கூடும். பொறியை முற்றிலும் பிரித்துப் போட்ட பின்னரே கம்பியில் மின்சாரம் இல்லை என்று அறிபவனை எவரும் வேலை தெரிந்தவன் என்னார். வழியைப் பகுதி பகுதியாகப் பரீட்சித்து, எதுவரை நலம், எங்கிருந்து கேடு என்று எல்லை கட்டுவதே முறையாகும். பொதுச் சேமப் பெட்டியில் உண்டாகும் கோளாறுகளுக்கும் இம்முறையே பொருந்தும்.

சேமப் பெட்டி என்பது பல வட்டுகளைத் தன்னுள் கொண்டு, ஓர் அலுவலகத்தின் அல்லது பள்ளியின் கணிப்பொறிகள் அனைத்திற்கும் வலைப்பின்னல் வழியே கோப்புகளை அளிக்கும் சிறு கணிப்பொறியே அன்றி வேறன்று. அது பேசும் மொழிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று 1983-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் வகுத்த எஸ்.எம்.பி.; மற்றது 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட என்.எஃப்.எஸ். விண்டோஸ் கணிப்பொறிகள் முதலாவதையும் யூனிக்ஸ் குடும்பத்தினை சார்ந்தவை இரண்டாவதையும் இயல்பாகக் கொள்ளும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ல் வெளியிட்ட சாம்பா என்னும் மென்பொருளே இன்றைய பெட்டிகள் பலவற்றில் எஸ்.எம்.பி.யைப் பேசுகிறது.

“பெட்டி வேலை செய்யவில்லை” என்னும் முறையீடு நமக்கு ஒன்றையும் கூறுவதில்லை. ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? நேற்று வரை நன்றாக இருந்ததா? திரையில் தோன்றிய சொற்கள் யாவை? இவற்றை முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு மட்டும் எனின் அவருடைய கணிப்பொறியையும் கணக்கையும் நோக்குக. எல்லோருக்கும் எனின் பெட்டியையும் ஸ்விட்சையும் நோக்குக.

திரையில் காணும் எண் வெறும் அலங்காரமன்று. விண்டோஸில் ‘நெட் யூஸ்’ என்னும் கட்டளையால் பெட்டியோடு இணைய முயன்றால், பிழை எண்ணே குற்றத்தின் இடத்தைச் சுட்டும். 53 எனின் பெட்டியை அடையவே முடியவில்லை. 67 எனின் பெட்டி அகப்பட்டது. கேட்ட பகிர்வின் பெயர் அங்கு இல்லை என்பதே பெரும்பாலும் பொருள். 1326 எனின் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 5 எனின் ஆளை அறிந்தும் அனுமதி மறுக்கப்பட்டது. 53-ஐக் கண்டு கடவுச்சொல்லை மாற்றுபவரையும், 5-ஐக் கண்டு மின்வடத்தைப் பிடுங்கிச் சொருகுபவரையும் இக்கட்டுரையாளர் பலமுறை கண்டதுண்டு.

53-லிருந்து தொடங்குவோம். மின்வடத்தின் முனையில் சிறு விளக்கு எரிகிறதா என்று பார்த்தபின், பெட்டியின் பெயரை விடுத்து எண் முகவரியால் அதனை அழைக்க வேண்டும். முகவரியால் திறந்து பெயரால் திறவாவிடில், பெட்டி நலமே. பெயரை முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடே கெட்டது. இதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்றுண்டு. முகவரிகளைத் தானே வழங்கும் டி.எச்.சி.பி. முறையில், மின்சாரம் நின்று வந்தபின் பெட்டிக்குப் புதிய முகவரி கிடைத்துவிடலாம். கணிப்பொறிகளோ பழையதையே நினைவிற் கொண்டிருக்கும். ரௌட்டரில் அப்பெட்டிக்கென ஒரு முகவரியை ஒதுக்கிவைப்பதே இதற்குப் பரிகாரம். விண்டோஸின் வலைப்பின்னல் பட்டியலில் பெட்டியின் பெயர் தோன்றாமையும் அதன் மரணத்திற்குச் சான்றாகாது. முகவரியாலும் அகப்படவில்லையாயின், பெட்டியின் 445-ஆம் வாயில் திறந்துள்ளதா என்று ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளையால் அறியலாம். பிங் கட்டளைக்கு விடை வந்து இவ்வாயில் மூடியிருப்பின், பெட்டியில் கோப்புச் சேவை நின்றிருக்கலாம். இடையில் தீச்சுவர் தடுத்திருக்கலாம்.

வாயில் திறந்திருந்தும் இணைப்பு உண்டாகாத நிலை ஒன்றுண்டு. பழைய பெட்டிகளில் இதுவே பெருந்தொல்லை. எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பில் இருந்த ஒரு பலவீனத்தைப் பற்றிக்கொண்டு, 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றின் பணியையும் குலைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு முதல் அப்பழைய மொழி இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதனை மட்டுமே அறிந்த பெட்டி ஒரே நாளில் ஊமையாயிற்று. பின்னர் 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, அதன் ப்ரோ, எண்டர்ப்ரைஸ், எஜுகேஷன் வகைகளில், கையொப்பமிட்ட இணைப்பையே இயல்பாகக் கோருகிறது. கடவுச்சொல்லற்ற விருந்தினர் நுழைவையும் ஏற்பதில்லை. இந்நிலையில் பழைய மொழியை மீண்டும் இயக்குக என்று அறிவுரை கூறுவோர் பலர். அது நோயை மருந்தெனக் கொள்வதாகும். பெட்டியின் நிலைநிரலைப் புதுப்பித்து இரண்டாம் பதிப்பையேனும் பேசச் செய்க. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அமைக்க. புதுப்பிக்க இயலாத பெட்டியாயின், கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வளிப்பதே தகும்.

1326 பெரும்பாலும் எளிது: கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்கும், கணிப்பொறியோ பழையதைச் சேமித்து வைத்திருக்கும். ஒரே பெட்டிக்கு இரு வேறு பெயர்களில் ஒருங்கே நுழைய முயன்றால் 1219 தோன்றும். முன்னைய இணைப்பை நீக்கினால் தீரும்.

எண் 5-இல் பொறுமை வேண்டும். பகிர்வின் வாயிலில் ஓர் அனுமதியும் உள்ளே கோப்புறைக்கு மற்றோர் அனுமதியும் உள்ளன. இரண்டனுள் எது குறுகியதோ அதுவே செல்லும். வாயிலில் எழுதும் உரிமை இருந்தும் உள்ளே படிக்கும் உரிமை மட்டும் இருப்பின் எழுத முடியாது. பிறிதொரு நுட்பம்: விண்டோஸ் அனுமதிகளில், ஒரே வட்டுப் பரப்பிற்குள் கோப்பைப் படியெடுத்தால் அது புதிய இடத்தின் அனுமதியைப் பெறும், நகர்த்தினாலோ பழைய அனுமதியையே பெரும்பாலும் சுமந்து செல்லும். “அதே கோப்புறையில் எல்லாம் திறக்கின்றன, இது மட்டும் திறக்கவில்லை” என்பதன் மர்மம் பலகாலும் இதுவே. என்.எஃப்.எஸ். வழக்கமான அமைப்பில் மனிதரின் பெயரை நோக்குவதன்று, எண்ணையே நோக்கும். ஒரு கணிப்பொறியில் 1000 என்னும் எண்ணுடைய ஆசிரியர் மற்றொன்றில் 1001 ஆயின், தம் கோப்பிற்கே அவர் அந்நியராவார். இத்தொல்லைகளைச் சகியாது எல்லோர்க்கும் எல்லா உரிமையும் அளித்துவிடுவது வழக்கம். அன்று கதவு திறக்கும், பிறிதொரு நாள் ஒரு மாணவன் கைத்தவறாக மதிப்பெண் பதிவேட்டை நீக்கும்போது அதன் விலை தெரியும்.

கடிகாரத்தையும் மறத்தலாகாது. கெர்பரோஸ் முறையில் அடையாளம் காணும் அமைப்புகளில், பெட்டியின் நேரமும் தலைமைக் கணிப்பொறியின் நேரமும் 5 நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் சரியான கடவுச்சொல்லும் மறுக்கப்படும். தங்கவயலைச் சார்ந்தோர்க்கு இது வியப்பளிக்காது. அங்கே ஆழ்சுரங்கங்களில் பாறை வெடிப்புகள் நிகழ்ந்த இடத்தைக் கணிக்க, அதிர்வு பல உணர்விகளை அடைந்த நேர வேறுபாடே ஆதாரம். கடும்பாறையில் அதிர்வு நொடிக்கு 5 முதல் 6 கிலோமீட்டர் வரை செல்லுமாதலால், நொடியில் நூறிலொரு பங்குப் பிழையே 50 மீட்டருக்கு மேல் வழிதவறச் செய்யும்.

பெட்டியில் இடம் தீர்ந்திருத்தல், ஒருவர் திறந்த கோப்பு மற்றவர்க்குப் படிக்க மட்டுமே கிடைத்தல் ஆகியவை கோளாறு எனத் தோன்றினும் நொடியில் அறியத் தக்கன.

எச்சூழலிலும் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் பொத்தானை ஆராயாது தொடற்க. சில பெட்டிகளில் அது வட்டுகளின் செய்தியையும் அழிக்கும். 2021 ஜூன் மாதத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் பல, இணையத்தின் வழி அயலார் ஏவிய இக்கட்டளையாலேயே வெறுமையாயின. அவற்றிற்குப் புதுப்பிப்பு 2015-உடன் நின்றிருந்தது. வட்டுகள் இரண்டு இணையாக இருத்தல் வட்டுப் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். அழிப்பு இரண்டிலும் ஒருங்கே நிகழும். ஆகவே பழுது பார்க்கும் முன்னரே வேறோரிடத்தில் ஒரு படி இருக்க வேண்டும். தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் மீண்டும் இறங்கி எவரும் அளக்கப் போவதில்லை. அவ்வரைபடங்களும் அளவைக் குறிப்புகளும் எப்பெட்டியில் இருப்பினும், இரண்டாம் படி இல்லையேல் அங்குள்ள உழைப்பு இருமுறை இழக்கப்படும்.

வகுப்பில் பயிற்சி அளிக்க விரும்பும் ஆசிரியர், வெற்றுக் கோப்புகள் கொண்ட ஒரு பெட்டியை எடுத்து, ஒருநாள் மின்வடத்தைத் தளர்த்தியும், மறுநாள் முகவரியை மாற்றியும், மூன்றாம் நாள் ஒரு கோப்புறையின் அனுமதியைக் குறைத்தும் வைக்கலாம். மாணவர்கள் எதையும் திருத்துமுன், கண்ட எண்ணையும் அதிலிருந்து தாம் கருதும் காரணத்தையும் பலகையில் எழுதவேண்டும் என்பது மட்டுமே விதி.