தொண்டை வலியும் மிளகு ரசமும்

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. இனி மார்கழிப் பனி விலகும் வரை, எச்சில் விழுங்கவே தயங்கி முகம் சுளிக்கிறவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். அவருக்கென்று நம் அடுப்பில் ஏறுவது மிளகு ரசம்: காரம் தூக்கலாக, புளி சுள்ளென்று, ஆவி பறக்க. ரசத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வலி கடுமையாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாளுக்குக் காரத்தையும் புளியையும் பாதிக்கும் கீழே குறையுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கொடுக்காமல் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள்.

காரணம் நரம்பு முனையில் இருக்கிறது. மிளகாய் ஏன் 'சுடுகிறது' என்பதற்கு அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் விடை கண்டது. 2021-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்ததும் இந்த வரிசை ஆய்வுகளுக்காகத்தான். சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டை மூளைக்கு அறிவிக்கும் அதே உணர்வேற்பிதான் மிளகாய்க் காரத்துக்கும் மிளகுக் காரத்துக்கும் விழித்துக்கொள்கிறது. புளிப்பும் அதை உசுப்பும். சதை அழன்று வீங்கியிருக்கும்போது அந்த 43 என்ற வரம்பே கீழே இறங்கிவிடுகிறது. அதனால்தான் நேற்று வரை இதமாக இறங்கிய ரசம் இன்று தொண்டையில் நெருப்பாக இறங்குகிறது. காரம், புளிப்பு, கொதிசூடு என்று ஒரே கதவை மூன்று கைகள் தட்டுகின்றன.

மிளகுதானே மருந்து, பாட்டி காலத்திலிருந்து கேட்கிறதே என்பார்கள். கேட்பது உண்மை, மூக்கு ஒழுகி அடைப்பு விடும், தலைபாரம் குறைந்தாற்போல் இருக்கும். சளி மட்டும் இருந்து தொண்டை ரணமாகாதவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் தொண்டைக்குக் கிடைக்கும் சுகத்தில் மிளகின் பங்கு எவ்வளவு? பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழபானத்தைச் சூடாகவும், அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, சூடாகக் குடித்தவர்களுக்குத்தான் தொண்டை வலி உடனே தணிந்தது. அந்தப் பானத்தில் மிளகு கிடையாது. ஆகவே சூடு வேண்டும்தான், ஆனால் அளவோடு. 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்களை வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னதையும் நினைவில் வையுங்கள்.

இந்த நாட்களில் முதலிடம் நொய்க் கஞ்சிக்கு. ஒரு பிடி பச்சரிசி நொய், அரைப் பிடி வறுத்த பாசிப்பருப்பு, எட்டு மடங்கு தண்ணீர். குக்கரில் குழைய விட்டு, மத்தால் கடைந்து, உப்பும் சீரகமும் ஒரு கரண்டி நெய்யும். கரண்டியைச் சாய்த்தால் தாரையாக விழ வேண்டும். சொத்தென்று கட்டியாக விழுந்தால் வெந்நீர் ஊற்றித் தளர்த்துங்கள். தொண்டை வலிக்காரர் விழுங்கப் பயந்து தண்ணீரையே குறைத்துவிடுவார். தொண்டை காயக் காய வலி ஏறும். பசியையும் தாகத்தையும் ஒரே டம்ளரில் தீர்ப்பதால்தான் கஞ்சிக்கு இந்த மரியாதை. கஞ்சி அலுத்தால் பருப்புத் தண்ணீரில் ஊறிய இட்லி, தேங்காய்ப்பாலில் நனைத்த இடியாப்பம், கனிந்த வாழைப்பழம், மிளகாய் போடாத முட்டைப் பொடிமாஸ். தீபாவளி டப்பாவில் மிஞ்சிய முறுக்கு, ரஸ்க், முறுகல் தோசை, கார்த்திகைப் பொரியுருண்டை எல்லாம் உரசிக்கொண்டு இறங்குபவை. ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

தயிரும் பாலும் சளி கட்டும் என்ற அச்சம் அடுத்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 60 பேருக்குச் சளி வைரஸைச் செலுத்தி, அவர்கள் குடித்த பாலையும் வெளியேற்றிய சளியையும் கணக்கிட்டார்கள். 1990-இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாகப் படிவதுபோல் தோன்றும், அவ்வளவே. டான்சில் அறுவைக்குப் பின் ஐஸ்கிரீம் கொடுப்பதும் குளிர்ச்சி வலியை மரக்கச் செய்வதால்தான். புளிக்காத தயிரில் குழைந்த சாதம் தாராளமாகத் தரலாம். குளிர்ந்ததைத் தொட்டால் இருமல் கிளம்புகிறவரை மட்டும் வற்புறுத்த வேண்டாம்.

இருமலுக்கும் கரகரப்புக்கும் வெந்நீரில் ஒரு ஸ்பூன் தேன் நல்லது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சேனை வைக்கிற அளவுகூடத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் பச்சிளங்குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வந்து ஒரு வாரத்துக்குள் தானே அடங்குவது என்பதால், மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். மூச்சுத் திணறல், வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமல் எச்சில் வழிதல், தொண்டையில் சாம்பல் நிறப் படலம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கஞ்சி வைத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இது டெங்கு காலமும்கூட. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் தொட வேண்டாம், பாராசிட்டமாலோடு நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.